மேல்வீட்டுக் கீரை

“உங்க கை வலிக்காம இருக்கணும், நுஸ்ரத் கான்! இந்தப் புதினா மட்டும் இல்லேன்னா என் வயிறு என்னைக்கோ என்னை மண்ணுக்குள்ள அனுப்பியிருக்கும்!”

வாசலில் நின்று கீரைக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார் இஸ்கந்தர். மேல்வீட்டு நுஸ்ரத் இடுப்பை ஒரு கையால் பிடித்தபடி, “உங்க தலை வலிக்காம இருக்கணும். இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? சாயங்காலம் இன்னும் பறிச்சு அனுப்பறேன்” என்று பதில் உபசாரம் சொல்லிப் படியேறினார்.

கதவைச் சாத்தியதும் இஸ்கந்தரின் முகத்தில் இருந்த சிரிப்பு காணாமல் போனது. கீரைக்கட்டைச் சமையலறை மேடைமேல் விட்டெறிந்தார்.

“இலை தழையைத் தின்னே சாகாம இருந்துடலாம்னு நினைப்பு, பைத்தியக்கார மனுஷனுக்கு! நேத்து காசினி வேர்க் கஷாயம். ஈரல் சூட்டைத் தணிக்குமாம். என் ஈரல் சூடாகறதே இந்த ஆளாலதான்!”

அரிசி களைந்துகொண்டிருந்த மனைவி தூரான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அவர் முன்னாடி தேன் ஒழுகப் பேசுறது. உள்ள வந்து என்கிட்ட கத்துறது. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?”

“ஒரு பெரிய மனுஷன் வாசல் தேடி வந்து நீட்டுறார். வேண்டாம்னு மூஞ்சில அடிக்க நான் என்ன தெருவுல வளர்ந்தவனா?”

ஷிராஸ் நகரத்தில் மரியாதை தெரிந்த எவனும் அப்படிச் சொல்ல மாட்டான் என்பது இஸ்கந்தரின் கட்சி. அதனால் ஒரு வருஷமாகத் தினம் ஒரு கட்டு வந்தது. புதினா, முள்ளங்கிக் கீரை, திருநீற்றுப்பச்சிலை, பெயர் தெரியாத கசப்பு ஒன்று. ஒவ்வொன்றையும் வாயாரப் புகழ்ந்து வாங்கி, இரண்டு கிள்ளு தின்றுவிட்டு, மீதியைத் திட்டிக்கொண்டே குப்பையில் போட்டார்.

“கீரை கிடக்கட்டும். வெள்ளிக்கிழமை நம்ம பொண்ணு நஸ்தரனுக்கு நிச்சயதார்த்தம். ஞாபகம் இருக்கா?” என்றாள் தூரான். “முற்றத்துல நாற்காலி எங்க போடுறது?”

அதுதான் இப்போது தலைபோகிற பிரச்சினை. முற்றம் இரண்டு வீட்டுக்கும் பொது. பாதிக்கு மேல் நுஸ்ரத்தின் பாத்திகள். ரசாயன உரம் விஷம் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அதனால் மூலையில் மக்கிய கோழி எரு ஒரு குவியல். பூச்சி வராமலிருக்க இலையெல்லாம் பூண்டுத் தண்ணீர். ஜன்னலைத் திறந்தால் குடல் புரளும்.

“மாப்பிள்ளையோட அம்மா பன்னீர்ல முகம் கழுவுறவ. இந்த நாத்தத்துல ஒரு வாய் டீ குடிப்பாளா? இன்னைக்கே தோட்டத்தை எடுக்கச் சொல்லுங்க. இல்லேன்னா விசேஷத்தை எங்க அண்ணன் வீட்டுல வெச்சுக்கிறேன்.”

மச்சான் வீட்டில்! பெண்ணைப் பெற்றவர் இவர், வாசலில் நின்று வரவேற்பவன் அந்தத் தற்பெருமைக்காரனா? இஸ்கந்தருக்கு ரத்தம் கொதித்தது. செருப்பை மாட்டிக்கொண்டார்.

“இப்பவே போறேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கலேன்னா என் பேரு இஸ்கந்தர் இல்ல. மனுஷனுக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம்!”

படியேறும்போது வசனங்கள் அருமையாக வந்தன. கதவைத் தட்டியதும் பாதி மறந்துபோனது.

திறந்தவள் நுஸ்ரத்தின் தங்கை மஹின். அண்ணனைப் பார்த்துக்கொள்ளக் கெர்மானிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவள்.

“வாங்க, இஸ்கந்தர் கான். உங்க காலடி எங்க கண்ணு மேல.”

“நான் உங்க வாசல் தூசிம்மா.” இஸ்கந்தர் தொண்டையைச் செருமினார். நஸ்தரனை நினைத்துக்கொண்டார், மச்சானை நினைத்துக்கொண்டார். “நான் எதுக்கு வந்தேன்னா... அந்தத் தோட்டம்...”

“சொல்லுங்க.”

“அந்தத் தோட்டம்... அடடா, என்ன அருமையான தோட்டம்!”

சொல்லி முடித்ததும் தன் நாக்கைத் தானே கடித்துத் துப்பலாம் போலிருந்தது அவருக்கு. மஹினின் முகமோ சுருங்கிவிட்டது. அவள் வெளியே வந்து, கதவை ஒருக்களித்துச் சாத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“கடவுள் பேரைச் சொல்லிக் கேக்கறேன், இனிமே அதைப் புகழாதீங்க. அண்ணனுக்கு முதுகெலும்பு தேஞ்சு போச்சு. குனியவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“அப்புறம் ஏம்மா அவருக்கு இந்த வேலை?”

“நீங்களே கேட்டா எப்படி? போன வசந்தத்துலயே எல்லாத்தையும் பிடுங்கிட்டு தரை ஓடு பதிக்க ஆள் சொல்லிட்டார். அன்னைக்குப் பார்த்து நீங்க, ‘இந்தப் புதினாதான் என் உயிரே’ன்னீங்க. ஒருத்தர் மருந்தைப் பிடுங்கின பாவம் நமக்கெதுக்குன்னு, வலியைப் பொறுத்துக்கிட்டு உங்க ஒருத்தருக்காக மண்ணைக் கொத்திக்கிட்டிருக்கார்.”

“அப்போ... அவர் சாப்பிடறதுக்கு இல்லையா?”

“அவரா? தட்டுல பச்சையா எதைப் பார்த்தாலும் என்கிட்ட சண்டைக்கு வருவார்!”

அதற்குள், வாசலில் ஆள் நிற்பது தெரியாமல், உள்ளேயிருந்து நுஸ்ரத்தின் குரல் உற்சாகமாகக் கேட்டது.

“மஹின்! கீழ்வீட்டு ஆட்டுக்குச் சாயங்காலத் தழையைக் கட்டி வெச்சிருக்கேன், கொண்டு போய்ப் போட்டுட்டு வந்துடு!”