சூடேறும் வரை

போன் மறுபடியும் அணைந்தது.

கம்பெனிப் பெயர் வந்தது, மின்னியது, போனது. திரும்ப வந்தது. காலையிலிருந்து இதே கூத்துதான்.

அவள் கணவரின் போன். அவர் ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருக்கிறார்.

மகள் செண்பகத்தின் நம்பர் அதில்தான் இருக்கிறது. வேறு யாரிடமும் இல்லை.

"எனக்கு மகளே கிடையாது. இந்த வீட்டுல இனி யாரும் அவ பேரை எடுக்கக் கூடாது." நான்கு வருடம் முன்பு, மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, தெருவே கேட்கும்படி சொன்னவள் அவள்தான். சொந்தக்காரர்கள் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். எதில்தான் ஒழுங்கோ இல்லையோ, இதில் ஒழுங்கு.

அவர் மட்டும் தினமும் சாயங்காலம் பால் வாங்கப் போய் முக்கால் மணி நேரம் கழித்து வருவார். ஒரு பாக்கெட் பாலுக்கு இவ்வளவு நேரமா என்று அவள் கேட்டதில்லை. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் தடுக்க வேண்டியிருக்கும்.

மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். மகள் மதுரையில் இருக்கிறாள். இப்போது சொன்னால் வந்து முகம் பார்த்துவிடலாம்.

சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டுப் பார்த்தாள். ஒரு பெயரும் இல்லை. சிம்மைத் திரும்ப அதிலேயே போட்டுச் சார்ஜ் ஏற்றினாள். பட்டனை விரல் வலிக்க அழுத்தினாள். கடைசியில் உள்ளங்கையில் வைத்து நாலு தட்டும் தட்டினாள்.

போர்டு போய்விட்டது, சூடானால் அணைந்துவிடும், குளிர வைத்தால் இரண்டு நிமிடம் ஓடும் என்று போன மாதம் போன் கடைக்காரர் சொல்லியிருந்தார். அதற்காகக் கணவர் போனை ஃபிரிட்ஜில் மோர்ச்சட்டிக்குப் பக்கத்தில் வைப்பார். மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அவள் திட்டியிருக்கிறாள்.

ஃபிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரியவில்லை. அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் ஐஸ் பெட்டியைச் சொருகியிருந்தார்கள்.

வீட்டில் குளிர்ந்த இடம் இப்போது ஒன்றுதான்.

கண்ணாடி மூடியைத் தூக்கி, போனை அவர் இடுப்போரம் வைத்தாள்.

"அந்தப் போனை விட்டு ஒரு நிமிஷம் இருக்க மாட்டாகளே எங்க அண்ணன்" என்று நாத்தனார் புதிதாக ஒரு பாட்டம் அழுதாள்.

பத்து நிமிடம் கழித்து எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். போன் உயிர் பெற்றது. பெயர்களைத் தேடினாள். செண்பகம் இல்லை. பாப்பா இல்லை. அணைந்தது.

மறுபடி பெட்டிக்குள்.

இரண்டாம் முறை, அவர் யாரை அழைத்தார் என்று பார்த்தாள். கேஸ் புக்கிங். நேற்று, முந்தாநாள், அதற்கு முந்தின நாள். எல்லாம் சாயங்காலம் ஐந்தரைக்கு. எந்த வீட்டில் ஐயா தினமும் கேஸ் தீரும்? அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கண்ணைத் துடைப்பதற்குள் அணைந்தது.

மறுபடி பெட்டிக்குள்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கொழுந்தன் அந்தப் போனும் கையுமாகக் கொல்லைக்கு வந்தார்.

"மதினி, பெட்டிய வேற ஊர்ல கேக்காங்களாம். அண்ணன இறக்கிக் கட்டில்ல வச்சிட்டோம். இத நீங்க வச்சிக்கோங்க."

ஃபிரிட்ஜ் குளிர இனி சாயங்காலம் ஆகும். போனில் ஏறியிருக்கும் இந்தக் குளிர்தான் மிச்சம்.

கொழுந்தன் உள்ளே போகும்வரை காத்திருந்தாள். ஹாலில் எல்லோரும் அழுது ஓய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். கேஸ் புக்கிங்கை அழுத்தினாள்.

அப்பா போயிட்டாங்க, உடனே வா. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாலைந்து வார்த்தை.

மணி அடித்தது. மகள் எடுத்தாள்.

"அப்பா, என்ன இன்னைக்கு மத்தியானமே?"

நான்கு வருடம். குரல் கொஞ்சம் கனத்திருந்தது. அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. குழந்தை பிறந்ததை அவர் சொல்லவில்லை. அவரிடம் யார் கேட்டார்கள்?

அவள் வாயைத் திறந்தாள். மூச்சு மட்டும் போனது.

"அம்மா பக்கத்துல நிக்காளா?"

மகளின் குரல் சட்டென்று தணிந்தது.

"சரிப்பா, ஒண்ணும் பேசாதீங்க. நானே வச்சிருதேன்."

வெகுநாள் பழக்கம்போல, ஒரு நொடியில் வைத்துவிட்டாள்.

இரண்டாவது முறை அழுத்த விரல் போவதற்குள் திரை கறுத்தது.