ஐ.நா. சபைக்கு ஒரு கோட்டு

"பல்லாவரம் டெய்லர்கிட்ட நடையா நடந்து தைச்ச புதுக் கோட்டு பெட்டியில கிடக்குது. நீங்க பக்கத்து வீட்டுல போய் ஓசிக் கோட்டு கேட்டீங்களா?"

தபீதாளுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது.

"புதுசு கக்கத்துல பிடிக்குது தபீதா," என்றார் சத்தியநாதன், நியூயார்க் மேப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நேத்து போட்டுக்கிட்டுக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினீங்களே, அப்பப் பிடிக்கலியா?"

அவர் விரல் மேப்பில் ஏதோ ஒரு தெருவைத் தேடிக்கொண்டிருந்தது.

வாத்தியார்கள் மாநாட்டுக்கு அமெரிக்கா போகிறார் மனுஷன். மிச்சமாகும் ஒரே ஒரு நாளில் ஐ.நா. சபைக் கட்டடம் பார்ப்பதாகத் திட்டம். அந்த வாசலில் நின்று போட்டோ எடுக்கும்போது மாப்பிள்ளை மாதிரி இருக்க வேண்டும் என்ற அவள் ஆசையில் மண் விழுந்தது.

"தாம்பரமே சிரிக்கப் போகுது. லாசரஸ் அண்ணன் கோட்டுக்குள்ள உங்களை மாதிரி ரெண்டு பேர் குடியிருக்கலாம்!"

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் லாசரஸ். கையில் கோட்டு.

போன வருஷம் இதே மாநாட்டுக்குப் போக இருந்தவர் அவர்தான். கோட்டு தைத்து, தெருவே கூடி மாலையும் போட்ட பிறகு, இருதயம் தாங்காது என்று டாக்டர் தடுத்துவிட்டார். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டால் வீடு. யாரோடும் பேச்சில்லை.

சத்தியநாதன் கோட்டை மாட்டிக்கொண்டார். தோள் இரண்டும் தொங்கின.

லாசரஸ் கிட்டே வந்து காலரைச் சரிசெய்துவிட்டார். பிறகு மேஜையில் கிடந்த தீப்பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"இதான் சார் ஆபீஸ் கட்டடம்." பக்கத்தில் ஒரு சாசரைக் கவிழ்த்தார். "இது சபை கூடற இடம். காலையிலேயே போயிடுங்க, உள்ளே சுத்திக் காட்டுவாங்க. காதுல மாட்டிக்க ஒரு கருவி இருக்கும். யார் என்ன பாஷையில பேசினாலும் இங்கிலீஷ்ல கேட்கலாம்."

"தமிழ்ல கேட்காதா அண்ணா?" என்றாள் தபீதாள்.

"கேட்காதும்மா. அதுக்குத்தானே இவரை அனுப்பறோம்!"

லாசரஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தெரு கேட்டு எத்தனை மாசம்!

தபீதாள் புருஷனைப் பார்த்தாள். அவர் மேப்பைச் சத்தமில்லாமல் மடித்து நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, "எந்தப் பக்கம் சார் வாசல்?" என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் பெட்டிமேல் கிடந்த புது டை இரண்டையும் எடுத்து முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"ஏண்ணா, உங்ககிட்ட டை ஒண்ணு இருக்குமா? இவருக்கு ஒண்ணுகூட இல்லை."