குதிரை உதைக்காதா?

சட்டைக் கையை மடித்துவிட்டிருந்த அந்த ஆள் மறுபடி கையைத் தூக்கியதும் டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, குதிரைக்கு ஊசி போட்டா அது உதைக்காதா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

தொண்டை அடைப்பான் நோய்க்கு மருந்து கண்டுபிடித்த பழைய ஆராய்ச்சிக்கூடம் அது. சனிக்கிழமைகளில் பொதுமக்கள் சுற்றிப் பார்க்கலாம். டாக்டர் மனைவியோடு ஆசை ஆசையாக வந்திருந்தார்.

சுற்றிக் காட்டிய பெண்ணுக்கு அன்றுதான் முதல் நாள். மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

சிரிப்பு அடங்கியதும் அவள், குதிரை உதைக்கத்தான் செய்ததாம், ஒரு விஞ்ஞானி பதினைந்து நாள் நொண்டிக்கொண்டே வேலை பார்த்தாராம் என்று கடகடவெனச் சொன்னாள். ஊசி போட்ட குதிரையின் ரத்தத்திலிருந்து மருந்து எடுத்த கதையையும் அழகாகச் சொல்லி முடித்தாள்.

அடுத்த அறையில் பித்தளை மைக்ராஸ்கோப். அவள் ஒரு வரி சொல்லிவிட்டுத் தடுமாறினாள்; அதற்குள் அந்த ஆள் முந்திக்கொண்டார். இதில் பார்த்தால் கிருமி எலி அளவுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

பாவம், சின்னப் பெண். இந்த மனுஷனால்தான் இப்படித் தடுமாறுகிறாள் என்று டாக்டருக்குத் தோன்றியது. அருகில் போய்ப் பல்லைக் கடித்தார்.

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வர்றீங்களா? பேச வந்தவங்களைப் பேச விடுங்க."

"தப்புதாங்க, மன்னிச்சுக்குங்க" என்றார் அவர் பணிவாக. மூன்றாவது அறையில் திரும்பவும் கையைத் தூக்கினார்.

டாக்டரின் மனைவியோ விழுந்து விழுந்து சிரித்தாள். இத்தனை கலகலப்பாக எந்த மியூசியமும் பார்த்ததில்லை என்றாள்.

கடைசியில் எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவளே தனியாகச் சுற்றிக் காட்டலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டுப் போனார். அவள் முகமெல்லாம் பல்.

டாக்டர் அவளைத் தட்டிக்கொடுக்கப் போனார். "பிரமாதம்மா. அந்தத் தொல்லை பிடிச்ச ஆளையும் வச்சுக்கிட்டு சமாளிச்சியே, அதைச் சொல்லணும்."

அவள் சிரித்துவிட்டாள். "அவர் எங்கப்பா சார்."

டாக்டர் திகைத்துப் போனார்.

"ஒரு வாரமா வீட்டுல ஒப்பிச்சுக்கிட்டே இருந்தேன். எனக்கு முன்னாடி அவருக்கு எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு."

"அப்புறம் எதுக்கும்மா அவருக்கு அத்தனை சந்தேகம்?"

"எனக்கு அடுத்த வரி மறந்து போறப்ப மட்டும்தான் சார், அவருக்குச் சந்தேகமே வரும்."