ஆற்றைத் தாண்டும் பைக்

புது பைக் வந்து நின்றதிலிருந்து அந்த வீட்டு வாசலில் பழைய ஸ்கூட்டருக்கு ஒரே எரிச்சல். காடு மலையெல்லாம் ஏறுகிற பைக்காம். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி ஜெபராஜ், "ஆத்துக்குள்ள இறக்கினாலும் அசராது சார்!" என்று அதைத் தட்டிக்கொடுப்பார். ஆனால் சீட்டின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரித்தபாடில்லை.

ஒரு மாலை வானம் இருட்டிக்கொண்டு கொட்டத் தொடங்கியது. "அக்கா, இன்னைக்கு என்னைத்தான் எடுப்பாரு பாருங்க!" என்று ஸ்கூட்டரிடம் குதித்தது பைக்.

ஓடி வந்த ஜெபராஜ் வானத்தைப் பார்த்தார், பைக்கைப் பார்த்தார், ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். முழங்கால் தண்ணீரில் முக்கி முனகிக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பியது ஸ்கூட்டர். வாங்கி வந்தது, பைக்குக்கு ஒரு மழைக்கவர்.

"ஐயோ, நனைஞ்சிட்டியே!" என்று பைக்கைத் துடைத்து, கவரை இழுத்துக் கட்டிவிட்டு அவர் உள்ளே போனார்.

சொட்டச் சொட்ட நின்ற ஸ்கூட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏண்டா, நீயெல்லாம் ஆத்தைத் தாண்டுற வண்டியாடா?"

கவருக்குள்ளிருந்து மெல்லக் குரல் வந்தது.

"ரோட்டுல தண்ணி ஓடினா எப்படிக்கா இருக்கும்?"