ஒப்பிடுவதற்கு ஒரு கால்

மூச்சை அடக்கியதும் அவள் வாய் தானாக ஆரம்பித்துவிட்டது.

கபடி, கபடி, கபடி.

"கண்ணு, பேசாத. படம் ஆடுது."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்கேன் எடுப்பவர் சொன்னார்.

"பழக்கதோஷங்ண்ணா."

பதினோரு வருடம் எதிரணிக் களத்துக்குள் போய் வந்தவள். மூச்சைப் பிடி என்றால் அவள் உடம்புக்கு வேறு வேலை தெரியாது.

மறுபடி.

முட்டியை மெதுவாக நெஞ்சுப் பக்கம் கொண்டுவர வேண்டும். பிறகு பாதத்தை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். இடுப்பு மூட்டு அசைய அசைய எந்திரம் படம் பிடிக்கும். வலித்தால் கையைத் தூக்க வேண்டும்.

அதுதான் அவளுக்கு வராது. வலிக்கிறது என்று கை தூக்கியவர்களை கபடி சொல்லித்தரும் மாஸ்டர் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்.

வியாழக்கிழமை அணித் தேர்வு. அணியில் எடுத்துக்கொண்டால் அரசு வேலை. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

வலது கால் பாதி வழியில் நின்றது. அவள் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது.

தலைமாட்டில் ஒரு திரை. அதில் பந்துபோல் தொடையெலும்பின் தலை, அதைத் தாங்கும் கிண்ணம். பந்துக்குக் கீழே, எலும்பின் கழுத்தில், சின்னதாக ஒரு மேடு. கால் மேலே வர வர அந்த மேடு கிண்ணத்தின் விளிம்பில் போய் இடித்தது. வீட்டுக் கதவு செருப்பு ஸ்டாண்டில் இடிக்குமே, அப்படி.

"வலியெல்லாம் மண்டைக்குள்ள இருக்குது புள்ள" என்பார் மாஸ்டர்.

மண்டையைப் படம் எடுக்கவில்லை. இடுப்பை எடுத்தார்கள். இடுப்பில்தான் இருந்தது.

"செரி. இப்ப நல்ல காலு. ஒப்பிட்டுப் பாக்கோணும்னு டாக்டர் எழுதியிருக்காரு."

அவளுக்குத் தெம்பு வந்தது.

இடது கால். நாலு மாதமாக, விடிவதற்கு முன்னால், யாருக்கும் தெரியாமல் இடது காலால் உதைக்கப் பழகியிருந்தாள். மாஸ்டரிடம்கூடச் சொல்லவில்லை. வியாழக்கிழமை மொத்தமும் அந்தக் காலை நம்பித்தான்.

முட்டியைக் கொண்டுவந்தாள். பாதத்தைத் திருப்பினாள்.

வலியே இல்லை. சிரிப்புகூட வந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் திரைக்கு நெருக்கமாகக் குனிந்தார்.

"இன்னொருக்கா, கண்ணு."

செய்தாள்.

"இன்னும் ஒருக்கா."

அதையும் செய்தாள். தேர்வுக் குழு எதிரே உட்கார்ந்திருப்பதுபோல, சுத்தமாக.

அவர் எழுந்து உள்ளே வந்தார். கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய அங்கியைக் கழற்றவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். இடது பக்கத்திலும் அதே மேடு. திரும்பவும் படிவம்.

"எந்தக் காலு நல்ல காலுன்னு சொன்னே?"

அவள் இடது காலை மெல்லக் கீழே இறக்கினாள்.

இன்னும் வலிக்கவில்லை.