ரோஸ்மேரி செய்த கொடுமை

"இன்னா மொதலாளியம்மா, ஒனக்கு மனசாட்சின்னு ஒண்ணு கீதா இல்லியா?"

மங்கம்மா மீன் கூடையைக் கடை வாசலில் 'டொம்'மென்று இறக்கினாள். அவள் குரலுக்கு மைக் தேவையில்லை. தண்டையார்பேட்டையில் அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

மளிகைக்கடை ரோஸ்மேரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மிளகாய் மூட்டையைப் பிரித்துக்கொண்டே, "இப்ப என்ன ஆச்சு?" என்றாள்.

"இன்னா ஆச்சா? மாசமா கீற மருமவள காலைலேர்ந்து கல்லாவுல குந்த வெச்சிகிறியே! வூட்ல படுத்து ரெஸ்ட் எடுக்க வேணாம் அது?"

"சும்மா படுத்துத் தின்னவா கட்டிட்டு வந்தோம்? கடைக்கு ஆள் வேணும்ல?"

கல்லாவில் இருந்த சுஜா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளே என்று மங்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தெற்கே நாசரேத்துப் பக்கத்திலிருந்து வாழ வந்த பெண். புருஷன் கடைக்குச் சரக்கு எடுக்க வாரத்தில் பாதி நாள் வெளியூர் போய்விடுவான். கேட்க ஆளில்லை என்றுதானே இந்தம்மா இந்த ஆட்டம் ஆடுகிறாள்?

"அதுக்கு யாருமில்லன்னு நெனச்சிகினியா? நாங்க கீறோம்!" என்றாள் மங்கம்மா.

வாய்ச்சொல்லோடு நிற்கவில்லை. மறுநாளிலிருந்து மீன் விற்று முடித்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நாலு பெற்றவள். கதைக்குப் பஞ்சமா?

"என் பெரியவன் பொறக்கசொல்ல, டாக்டரு வர்றதுக்குள்ள வெளிய வந்துட்டான். அவ்ளோ அவசரம் அவனுக்கு. இப்ப பாரு, ஒரு வேலைக்குக் கூப்ட்டா நவுர மாட்றான்!"

சுஜா வாய்விட்டுச் சிரித்தாள்.

விஷயம் பரவாமல் இருக்குமா? எதிர்வீட்டு ஜஹானாரா மத்தியானம் சூப் கொண்டுவந்தாள். "நீ மட்டும் குடி. மாமியாருக்கு ஒரு சொட்டு குடுக்காத" என்று கண்டிஷன் வேறு. தையற்கடை சாபிரா சாயங்காலமானால் சுஜாவின் கையைப் பிடித்துத் தெருமுனை வரை நடக்கவைத்தாள். போகும்போது ஆளுக்கொரு வசவை ரோஸ்மேரி மேல் வீசிவிட்டுத்தான் போனார்கள்.

ரோஸ்மேரி அசையவில்லை. கல்லுளிமங்கி.

எட்டாவது மாதம் பிறந்தது. சுஜா கல்லாவை விட்டு எழவில்லை. மங்கம்மாவின் பொறுமை போய்விட்டது. ரோஸ்மேரி பின்பக்கக் குடோனுக்குப் போன நேரம் பார்த்து, செல்போனை எடுத்தாள்.

"ஒங்கம்மா நம்பர் சொல்லு. இன்னிக்கே வந்து கூட்டிகினு போவ சொல்றேன். இந்த நரகம் போதும் ஒனக்கு."

"ஐயோ, வேண்டாம்க்கா!" சுஜாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அம்மா டீச்சர், பகலெல்லாம் ஸ்கூலுக்குப் போயிருவாவ. திரும்பவும் நான் தனியா இருக்கணும்."

"தனியா இருந்தா இன்னா?"

சுஜா கல்லாப் பெட்டியை மூடினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குப் பயம்க்கா. மூணாவது மாசத்துலேர்ந்து. கடைக்கு மேல மாடி வீட்டுல தனியா இருந்தா நெஞ்சு படபடன்னு அடிக்கும், கை வேர்க்கும். ராத்திரி பொட்டுத் தூக்கம் கிடையாது. போன்ல கண்டதையும் படிச்சிட்டு, பிள்ளைக்கு ஏதோ ஆயிட்டுன்னு அழுவேன். அத்தைதான் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனாவ. 'இது நெறைய பேருக்கு வர்றதுதான், சரியாயிடும். தனியா மட்டும் விடாதீங்க, சிரிச்சுப் பேச ஆள் இருக்கட்டும்'னு டாக்டரம்மா சொன்னாங்க. அதுக்குத்தான் இந்தக் கல்லா."

மங்கம்மா செல்போனைக் கீழே வைத்தாள். "அப்ப அன்னிக்கு நீ அழுதது?"

"சிரிச்சேன்க்கா. அத்தைக்குக் கொடுமைக்காரியா நடிக்கவே வரல."

"நடிப்பா? அட, எங்களாண்ட நேரா சொல்லிகீலாமே! நாங்க வரமாட்டமா?"

"நானும் கேட்டேன். அத்தை சொன்னாவ, 'பயமா இருக்குன்னு சொன்னா, அக்கறையில ஆளுக்கொரு ஆஸ்பத்திரிக் கதை சொல்லி இன்னும் பயமுறுத்துவாங்க. மாமியார் படுத்துறான்னு மட்டும் தெரியட்டும். முப்பது வருஷமா இந்தத் தெருவை எனக்குத் தெரியும். ஒரு பொண்ணு கண்ணு கலங்க விடமாட்டாங்க. மொத்தத் தெருவும் வந்து உன் பக்கம் நிக்கும். எம் பேரு கெட்டா கெட்டுட்டுப் போகுது'ன்னு."

மங்கம்மா குடோன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இந்த ஏரியா என்றாலே முகம் சுளிக்கிறவர்களை அவள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். ஒருத்தி இந்தத் தெருவை நம்பித் தன் பேரையே பணயம் வைத்திருக்கிறாள். தெருவும் அவள் நம்பிக்கையைக் காப்பாற்றியிருக்கிறது. மங்கம்மாவுக்குக் கண் கலங்கியது, ஆனால் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

குடோனிலிருந்து வந்த ரோஸ்மேரி இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். புரிந்துவிட்டது.

மங்கம்மா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்மா, தெரியாம ஒன்ன இன்னான்னா பேசிட்டேன்..."

"ஷ்ஷ்! வாசல்ல ஆள் வருது" என்றாள் ரோஸ்மேரி தணிந்த குரலில். "ஏதாவது திட்டு."

சூப் தூக்குடன் ஜஹானாரா படியேறிக்கொண்டிருந்தாள். "என்ன மங்கம்மா, மாமியாக்காரி இன்னிக்காவது திருந்தினாளா?"

மங்கம்மா பிடித்திருந்த கையை உதறினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"அத்த ஏன் கேக்குற ஜஹானாராக்கா! நாளுக்கு நாள் மோசமாயிகினே போறா. நாளைலேர்ந்து நீ காலைலயே வந்துடு!"