வராத கணக்கு

ஏழாம் வகுப்பில் ஆமை டீச்சர் முதல் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள், மின்னி என்கிற அணில் புத்தகத்தில் இருக்கிற பத்தையும் போட்டுவிட்டு ஃபேனில் தொங்கும்.

"முடிச்சிட்டேன் டீச்சர்! அடுத்து?"

"பேசுறவங்க பேரை எழுதி வை, கண்ணு."

ஒரு மாதம் எழுதியது. பிறகு, "நாளையிலேர்ந்து நான் வரலை டீச்சர், மரத்துலயே இருந்துக்கறேன்" என்றது.

டீச்சருக்கு அன்று சோறே இறங்கவில்லை. சாமியைக் கும்பிட்டுவிட்டு, தனக்கே இத்தனை வருஷமாக விடை கிடைக்காத கணக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கே போனார்.

மின்னி போட்டது, அழித்தது, வாலைக் கடித்தது. பொழுதும் சாய்ந்தது.

"ஐயோ டீச்சர், எனக்கு வரலை!" என்று கிளை கிளையாகத் துள்ளியது.

"எனக்கும்தாண்டி!" என்று டீச்சரும் ஓட்டோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"டீச்சர், நாளைக்கு ஸ்கூலுக்கு லேட்டா வந்துடாதீங்க!"